ஆட்டுவிக்கிறவர் பிறந்த கதை

மட்டக்களப்பில் ஒருவரை ‘அண்ணாவியார்’ என்று ஊர் கூப்பிடத் தொடங்கிவிட்டால், அதற்கு மேல் அவருக்குச் சான்றிதழ் தேவையில்லை. பகலில் அவர் வயலிலோ வாவியிலோ நிற்பார். இரவில் கூத்துப் பழக்க மத்தளத்தை எடுத்தால் ஊர்ப் பொடியன்கள் தருமராகவும் அருச்சுனனாகவும் ஆகிவிடுவார்கள். நடன ஆசிரியர் இந்த மண்ணில் முதலில் பிறந்தது அவர் உருவத்தில்தான். கல்லூரியும் டிப்ளோமாவும் பிறகு வந்தவை.

ஆடத் தெரிந்தவர் ஆட்டுவிக்கிறவராக மாறுவதற்குக் கூத்துக் களரியில் ஒரு வழி இருந்தது. சிறு வயதில் வேடம் கட்டி ஆடினவர் வளர்ந்ததும் பிற்பாட்டுக்கு நிற்பார், தாளம் பிடிப்பார், கடைசியில் மத்தளத்துக்கு வருவார். வேளாண்மை வெட்டி முடிந்து கூத்துப் பழக்கம் தொடங்கும்போது, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தெரிந்து அவரவர் பாட்டைக் கொடுப்பது முதல் வேலை. ‘சட்டம் கொடுத்தல்’ என்று அதற்குப் பெயர். பிறகு தாளக்கட்டுக்குக் கால் பழக்குவார். கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகப் போய் அரங்கேற்றம். மாதக்கணக்கான இரவுகள் இப்படி. பாடத்திட்டம், தவணை, பரீட்சை எல்லாம் இதற்குள் இருக்கின்றன. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அரங்கேற்ற இரவிலும் அண்ணாவியார் ஓரமாக ஒதுங்குவதில்லை. வட்டக்களரியின் நடுவில் மத்தளத்தோடு நிற்பார். ஆடுகிறவர்கள் அவரைச் சுற்றி ஆடுவார்கள். கால் பிசகினால் மத்தளம் தூக்கி எடுக்கும்.

இந்த வாத்தியாரைப் பல்கலைக்கழகம் கண்டுகொண்டது 1960களில். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொண்டுவர எண்ணியபோது, மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைத்தான் அழைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. அந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றியே ஆய்வு செய்து பேராசிரியரானார். அண்ணாவியாரின் வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகம்.

பரதம் வந்த வழி வேறு. அது பள்ளிக்கூடப் பாடமாகவும் பரீட்சையாகவும் வந்தது. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் பிள்ளைகள் ஒவ்வொரு தரமாக ஏறுவார்கள். உச்சியில் இருப்பதற்கு ‘ஆசிரியர் தரம்’ என்று பெயர், தேறினால் கலாவித்தகர். ‘ஆசிரியர் தரம்’ என்ற பெயரை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். உச்சித் தரத்தை ஆடி முடித்தவர் ஆசிரியர் என்று அது நம்புகிறது. ஆடி முடித்த அன்றிரவே படிப்பிக்கவும் தெரிந்துவிடுமா என்ன?

அதற்கு மேல் படிக்க விரும்பியவர்களுக்குக் கடல் தாண்டினால் 1936இல் ருக்மிணிதேவி தொடங்கிய கலாக்ஷேத்திரா. வடக்கில் 1960இல் எழுந்த மருதனார்மடம் இராமநாதன் இசைக் கல்லூரி. கிழக்குக்குச் சொந்தமாக ஒன்று வந்தது 1982இல். பிரதேச அபிவிருத்தி அமைச்சராக இருந்த செ. இராசதுரையின் காலத்தில், கல்லடியில், சுவாமி விபுலானந்த இசை நடனக் கல்லூரி பிறந்தது. சொந்த ஊரை விட்டுப் போகாமல் ஒரு பெண்பிள்ளை நடனத்தை முறையாகக் கற்று ஆசிரியராகத் திரும்ப முடியும் என்பது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. அடுத்த ஆண்டே நாடு எரியத் தொடங்கியதை நினைத்தால் அதன் பெறுமதி இன்னும் விளங்கும்.

கல்லூரிக்கு வைத்த பெயரும் பொருத்தமானது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்தர் துறவியாவதற்கு முன்பே பயிற்றப்பட்ட ஆசிரியர்; கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தாம் படித்த மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலேயே படிப்பித்தவர். 1947இல் வெளிவந்த அவருடைய ‘யாழ்நூல்’ சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து கிளைத்தது. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறும் அந்தக் காதை, அவள் எப்படி ஆடினாள் என்பதற்கு முன்னால் அவளுடைய ஆடலாசிரியனுக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்று பட்டியலிடுகிறது. இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், யாழாசிரியன் எல்லாருக்கும் அப்படியே. ஆட்டுவிக்கிறவரின் தகுதி தனியாகச் சொல்லப்பட வேண்டியது என்று இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது.

2000களின் முற்பகுதியில் கல்லடிக் கல்லூரி கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் என்று பெயர் மாறி, டிப்ளோமா இருந்த இடத்துக்குப் பட்டம் வந்தது. நடனம், இசை, நாடகம், கட்புலக் கலை எல்லாம் இன்று ஒரே வளவுக்குள்.

பட்டம் பெற்ற பிள்ளை நியமனக் கடிதத்தோடு படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்று வையுங்கள். நாற்பது நிமிடப் பாடவேளை, சீமெந்துத் தரை, முப்பது பிள்ளைகள். அவளுக்கு அரைமண்டி தெரியும். ஆனால் பிள்ளைகளைப் பார்த்து நின்று வலதைக் காட்ட இடதைத் தூக்கவேண்டும். தட்டுக்கழியால் தாளம் தட்டிக்கொண்டே சொற்கட்டும் சொல்லி, பின்வரிசையில் முழங்கால் உள்ளே வளைகிற பிள்ளையையும் கண்டுபிடிக்கவேண்டும். தன் உடம்பு பத்து வருடத்தில் கற்றதை வாயால் சொல்லவேண்டும். மேடை இவற்றில் ஒன்றையும் பழக்குவதில்லை. பட்டப்பின் கல்வி டிப்ளோமா, பிள்ளைகளின் உளவியலைச் சொல்லித்தரும். முழங்காலைப் பற்றி அது பேசாது.

அந்த முழங்காலைப் பற்றி அண்ணாவியாருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் கரப்புடுப்போடு விடிய விடிய ஆடவைத்தவர் அவர். வாத்தியார் வேலைக்குப் போகப்போகிற நடனப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ஒரு கூத்தில், சட்டம் கொடுக்கிற நாளிலிருந்து அரங்கேற்ற இரவு வரைக்கும், ஆடாமல் அண்ணாவியாரின் பக்கத்தில் இருந்து பாருங்கள். களரியில் அதற்குக் கட்டணம் கேட்கமாட்டார்கள்.