பள்ளிக்கும் பல்கலைக் கழகத்திற்கும் இடையே

பள்ளிப் படிப்பிற்கும் பட்டப் படிப்பிற்கும் இடையே மாணவன் கடக்க வேண்டிய இரண்டு ஆண்டுகள் உள்ளன. பதினாறு வயதில் புகுந்து பதினெட்டு வயதில் வெளியேறும் அவ்விடைக்காலத்திற்கு நம் நாட்டில் வழங்கிய பெயர்கள் பல. எஃப். ஏ. என்றனர், இன்டர்மீடியட் என்றனர், புகுமுக வகுப்பு என்றனர், இன்று மேல்நிலை வகுப்பு என்கின்றோம். பெயர்கள் மாறினவேயன்றி, அக்காலம் பள்ளிக்கு உரியதா, கல்லூரிக்கு உரியதா என்னும் வழக்கு முடிந்தபாடில்லை. அவ்வழக்கினால் மாணவன் பட்ட பாட்டையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் சர்வகலாசாலைகள் நிறுவப்பெற்றபோது, அவை லண்டன் சர்வகலாசாலையைப் பின்பற்றிப் பரீட்சை நடத்தும் சபைகளாகவே அமைந்தன. நுழைவுப் பரீட்சையில் தேறியவன் நேரே பி. ஏ.க்குப் படிக்கலாம் என்பதே முதல் ஏற்பாடு. 1858-இல் கல்கத்தாவில் நடந்த முதல் பி. ஏ. பரீட்சையில் பட்டம் பெற்றவர் இருவரே; அவருள் ஒருவர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. அவ்விருவரும்கூட ஆறு பாடங்களுள் ஐந்தில் தேறி, ஒன்றில் ஏழு மதிப்பெண்ணுக்கு மேற்படாத குறைவால் தவறியிருந்தனர். சபையார் கருணை மதிப்பெண் அளித்துக் கரையேற்றினர். இவ்வளவு நீண்ட தாவலுக்கு நடுவே 1860களில் கட்டப்பட்ட படியே எஃப். ஏ. பரீட்சை.

அப்படியில் பெண்கள் கால்வைத்த கதை சுவையானது. 1878-இல் நுழைவுப் பரீட்சையில் தேறிய காதம்பினி பாசு என்னும் ஒரே மாணவியைக் கொண்டு, கல்கத்தா பெத்யூன் பள்ளி மறு ஆண்டில் கல்லூரி வகுப்பைத் தொடங்கிற்று. அவரும் சந்திரமுகி பாசுவும் 1883-இல் பட்டம் பெற்றனர்.

படி என்றோம், வேறு பலருக்கு அது சுவராக நின்றது. கும்பகோணத்துச் சீனிவாச இராமானுஜம் 1903-ஆம் ஆண்டு இறுதியில் மெட்ரிகுலேஷன் தேறி, உபகாரச் சம்பளத்துடன் அவ்வூர் அரசினர் கல்லூரியில் எஃப். ஏ. வகுப்பிற் சேர்ந்தார். கணிதத்தோடு ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய சரித்திரம், உடலியல் ஆகிய யாவற்றிலும் தேற வேண்டும் என்பது விதி. கணிதத்திலேயே தோய்ந்த அவ்விளைஞர் ஏனையவற்றைக் கைவிட்டார். உபகாரச் சம்பளம் போயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1907-இல் மீண்டும் தவறினார். அவர் குறை ஏழு மதிப்பெண் அளவில் நிற்கவில்லை. எந்தக் கருணைக்கும் எட்டாத குறை அது. அவரைத் தேறாதவர் எனத் தள்ளிய அதே சர்வகலாசாலை, கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதம் வந்தபின், 1913-இல், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. விதி வளைந்தது உண்மைதான். ஆனால் இடையில் ஆறு ஆண்டுகள் வறுமையிலும் அலைச்சலிலும் கழிந்துவிட்டன.

இங்கிலாந்தில் பல்கலைக் கழகம் நாடும் மாணவன் இவ்வயதில் பள்ளியை விடுவது வழக்கமில்லை. ‘ஆறாம் படிவம்’ எனப்படும் மேல்வகுப்பில், தன்னை அறிந்த ஆசிரியரிடமே, சில பாடங்களை மட்டும் ஆழ்ந்து கற்றான். 1951-இல் வந்த ‘ஏ லெவல்’ தேர்வு, பாடத்திற்குப் பாடம் தனித்தனியே தேர்ச்சி வழங்கலாயிற்று. (நம் பெரியோர் ‘சிக்ஸ்த் பாரம்’ என்றது எஸ். எஸ். எல். ஸி. வகுப்பை, இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.) இராமானுஜம் அம்முறையில் பயின்றிருந்தால் என்னாகியிருக்கும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

லீட்ஸ் சர்வகலாசாலைத் துணைவேந்தர் மைக்கேல் சாட்லர் தலைமையில் 1917-இல் ஒரு கமிஷன் கல்கத்தாவுக்கு வந்தது. ஆசுதோஷ் முகர்ஜியும் அதில் உறுப்பினர். அதற்குள் எஃப். ஏ. மறைந்து இன்டர்மீடியட் வந்திருந்தது. சர்வகலாசாலையின் வாயில் மெட்ரிகுலேஷனில் இருத்தல் தகாது, இன்டர்மீடியட் முடிவிலேயே இருத்தல் வேண்டும் என்று 1919-ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. பெரிய மண்டபத்தில் விரிவுரையைக் குறிப்பெடுக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, பள்ளியைப் போல் அருகிருந்து கற்பிக்கும் தனி இன்டர்மீடியட் கல்லூரிகள் வேண்டும் என்பது அதன் கருத்து. மாணவன் பக்கம் நின்று இவ்வளவு தெளிவாகப் பேசிய அறிக்கைகள் நம் கல்வி வரலாற்றில் மிகச் சிலவே.

ஐக்கிய மாகாணம் அவ்வழியிற் சென்று, 1921-இல் அலகாபாத்தில் தனிக் கல்விக் குழுவை நிறுவியது. கல்கத்தாவும் சென்னையும் இன்டர்மீடியட்டைக் கைவிடவில்லை. அவ்வகுப்புகளால் வந்த கட்டண வருவாய் சிறிதன்று. டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் ஆராய்ந்த கமிஷன், பங்காளிகள் வீடு பிரித்துக் கொள்வதுபோல், ஓராண்டைப் பள்ளிக்கும் ஓராண்டைப் பட்டப் படிப்பிற்கும் பகிர்ந்தது. அதன் பின் சென்னையில் வந்த புகுமுக வகுப்பு ஓராண்டே. தமிழில் பயின்று வந்த கிராமத்து மாணவனின் செவி ஆங்கில விரிவுரைக்குப் பழகுமுன் பரீட்சை வந்துவிடும்.

கோத்தாரி கமிஷன் (1964-66) ஈராண்டையும் மீண்டும் ஒன்றாக்கிப் பள்ளிப் பருவத்தில் சேர்க்க வழிகாட்டிற்று. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அவ்வயதினர் ‘ஜூனியர் கல்லூரி’ மாணவர். உத்தரப் பிரதேசத்தில் ‘இன்டர்’ என்னும் சொல் இன்றும் வழங்குகின்றது. 2022 முதல் மத்தியப் பல்கலைக் கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகின்றது. அவற்றை நாடும் மாணவன் ஒரே ஆண்டில் இரு தேர்வுகளுக்குப் படிக்கின்றான். ஒன்று பள்ளியை விட்டு வெளியேற, மற்றொன்று பல்கலைக் கழகத்துள் புக.