நாய்க்கடி மருந்து வந்த வழி

தெருநாயைச் சீண்டும் பிள்ளையை அதட்ட நம் தாய்மார்கள் நெடுங்காலம் வைத்திருந்த வாசகம் ஒன்றுண்டு: "கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசிடா!" கேட்ட மாத்திரத்தில் வயிற்றைப் பொத்திக்கொண்டு ஓடிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்த ஊசி மருந்து நம் ஊர் ஆஸ்பத்திரிவரை வந்து சேர்ந்த சரித்திரத்தைப் பார்த்தால், மருந்தைக் கண்டுபிடிக்கப் பட்ட பாட்டுக்கு அதைக் கெடாமல் வைத்துக் காக்கப் பட்ட பாடு சற்றும் குறைந்ததன்று என்பது விளங்கும்.

வெறிநாய்க்கடியின் கிருமி காயத்தில் புகுந்ததும் உடனே கொன்றுவிடுவதில்லை. நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை எட்டுவதற்குப் பெரும்பாலும் வாரக்கணக்கிலும், சில சமயம் மாதக்கணக்கிலும் எடுத்துக்கொள்கிறது. மூளையை எட்டி வியாதி வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை; அதற்குமுன் கிடைக்கும் அந்த அவகாசமே, கடிபட்ட பிறகு போட்டாலும் பலிக்கும் தடுப்பூசிக்கு இடம் தருகிறது. 1885 ஜூலை 6ஆம் தேதி பாரிஸில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குச் சிகிச்சையைத் தொடங்கியது இந்த அவகாசத்தை நம்பித்தான்.

பாஸ்டரின் மருந்து இருந்த கோலத்தை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். வெறிநோயால் மாண்ட முயலின் தண்டுவடத்தை எடுத்து, நூலில் கட்டி, கண்ணாடிக் குப்பிக்குள் தொங்கவிட்டு, ஈரத்தை உறிஞ்சுவதற்காக அடியில் பொட்டாஷ் துண்டுகளை இட்டு, தூசி புகாமல் பஞ்சால் வாயை அடைத்து வைத்தார்கள். நாளுக்கு நாள் உலர்ந்து, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அதன் விஷம் அடங்கிவிடும். முற்றும் அடங்கியதில் தொடங்கி, நாள்தோறும் சற்று வீரியம் மிகுந்ததாகப் போட்டுக்கொண்டே போவது அக்காலத்து முறை. ஆல்பர்ட் எடல்ஃபெல்ட் வரைந்த புகழ்பெற்ற சித்திரத்தில் பாஸ்டர் கையிலேந்தி உற்று நோக்குவது இப்படிப்பட்ட குப்பியைத்தான். நாளொன்றுக்கு ஒரு குணம் மாறும் மருந்தை மூட்டை கட்டி அனுப்ப முடியுமா? மருந்து அறையை விட்டு நகராது. ஆகவே கடிபட்டவனே அதை நாடிப் போக வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1900இல் கசௌலி மலையில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. தென்னாட்டாருக்கு அதுவும் எட்டாத தூரமே. 1907இல் குன்னூரில் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ், வைசிராயாயிருந்த கர்சன் பிரபுவிடம் அளித்த கொடையில் ஒரு பகுதி இதற்குப் பயன்பட்டது. சமவெளியின் கோடை உஷ்ணம் இத்தகைய மருந்துக்கு ஒவ்வாதாகையால் இரண்டும் குளிர்ந்த மலைகளில் அமைந்தது பொருத்தமே. ஆயினும் நாயிடம் கடிபட்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலேறிய தகப்பன் ஒவ்வொரு நாளையும் எப்படி எண்ணியிருப்பான் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

இந்த நிர்ப்பந்தத்தை உடைத்தவர் கசௌலியின் டேவிட் செம்பிள். நோயேற்றிய மிருகத்தின் மூளையைக் கரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று, 1911இல் அவர் உருவாக்கிய மருந்து குப்பியில் அடைபட்டு வெளியூர் போகக்கூடியதாயிற்று. பின்னாளில் ஆட்டு மூளையிலிருந்து எடுத்த இம்மருந்தே நம் ஜில்லா ஆஸ்பத்திரிகளில் வயிற்றில் போட்ட ஊசி. கோடிக்கணக்கானோருக்குத் துணை நின்ற அதுவே அபூர்வமாகச் சிலருக்குப் பக்கவாதத்தையும் உண்டாக்கியதை மறைப்பதற்கில்லை. 2004ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி இந்தியாவில் நின்றது.

இன்று கிடைப்பது உயிரணு வளர்ப்பில் தயாராகி, உறையவைத்து உலர்த்திய மருந்து. சிறு குப்பியின் அடியில் வெள்ளைக் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்து, நீர் விட்டதும் கணத்தில் கரைந்துவிடும். அதன் இருப்பு 2 முதல் 8 டிகிரி வரை. தோலுக்குள் போடும்போது ஒரு குப்பியைப் பலருக்குப் பங்கிடுவார்கள். கரைத்த மருந்தைக் குளிரில் வைத்திருந்தாலும் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். குளிர் மிகுந்தால் நல்லதுதானே என்று எண்ணுவதும் பிழை. தடுப்பூசியோடு கூடவே காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்து ஒரு முறை உறைந்துவிட்டால் அதை உபயோகிக்கலாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வைக்கும் செவிலியர் செய்வது அன்று கசௌலியிலும் குன்னூரிலும் நடந்த காவலின் தொடர்ச்சியே. அவருக்குத் தடையில்லாத மின்சாரமும் பழுதில்லாத குளிர்பெட்டியும் கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமை.

வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்று: நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் தேடாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.