போர்ப்படங்களில் படைக்கலன்களின் வரலாற்றுத் துல்லியம்

போர்த் திரைப்படத்தில் தோன்றும் டாங்கியும் விமானமும் கப்பலும், கதை நடக்கும் காலத்திலும் களத்திலும் உண்மையிலேயே இருந்தவைதானா என்ற கேள்வி பழையது. இரண்டாம் உலகப் போரைப் பற்றி 1950 முதல் 1980 வரை வந்த படங்களில்தான் அது அதிகம் எழுகிறது. 1945இல் தோற்ற ஜெர்மனியின் தளவாடங்களில் பெரும்பகுதி உருக்காலைக்குப் போயிற்று. பின்னால் படமெடுக்க வந்தவர்களுக்கு, ஓடுகிற டைகர் டாங்கி ஒன்று கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கணினி வரைகலையும் அப்போது கிடையாது. ஏதாவது ஒரு நாட்டு ராணுவத்தை அணுகி இரவல் கேட்பதுதான் வழி. அந்த ராணுவத்தின் கிடங்கில் எது நின்றதோ அதற்குத்தான் எதிரி வேஷம். அதனால் பல படங்களில், படப்பிடிப்பு எந்த நாட்டில் நடந்தது என்பதை டாங்கியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஸ்பெயின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1944 டிசம்பரில் ஆர்டென் காடுகளில் நடந்த சண்டையைச் சொல்லும் 'பேட்டில் ஆஃப் த பல்ஜ்' (1965) அங்கேதான் படமாயிற்று. ஸ்பானிய ராணுவத்திடம் அமெரிக்க உதவியாக வந்த எம்-47 டாங்கிகள் இருந்தன. போர் முடிந்த பிறகு உருவான அவை, ஜெர்மன் சிலுவைக்குறி தாங்கி கிங் டைகர்களாக வந்தன. அமெரிக்க ஷெர்மனுக்கு எம்-24 சாஃபி என்ற இலகுரக டாங்கி டூப் போட்டது. பனி மூடிய காட்டுச் சண்டையின் உச்சக்கட்டம் மரமில்லாத வறண்ட சமவெளியில் நடப்பதைப் பார்க்கும்போது, டாங்கியை மட்டும் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை. 'பேட்டன்' (1970) படத்தில் வேடிக்கை இன்னும் கூடுதல். எம்-47, எம்-48 இரண்டுக்கும் அமெரிக்க ராணுவம் வைத்த பெயரே 'பேட்டன்'. 1945இல் இறந்த அமெரிக்கத் தளபதி பேட்டனின் வாழ்க்கைக் கதையில், அவர் பெயர் தாங்கிய டாங்கிகளே இரு தரப்பிலும் நின்று சுட்டுக்கொள்கின்றன.

யூகோஸ்லாவியாவில் இருந்தவை சோவியத் டி-34 டாங்கிகள். அவற்றின் மேல் தகடு பொருத்தி, பெட்டி போன்ற உடலும் உருண்டைக் கோபுரமும் கட்டி டைகராக்கினார்கள். 'கெல்லீஸ் ஹீரோஸ்' (1970) படத்தில், கதையில் வரும் வங்கிக்கு முன்னால் நிற்பது அப்படிப்பட்ட டைகர்தான். தூரத்தில் பார்த்தால் நம்பிவிடலாம், சக்கரம் காட்டிக்கொடுத்துவிடும். அசல் டைகரில் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பின்னியதுபோல் நெருக்கமாக இருக்கும். டி-34இல் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள், இடையில் இடைவெளியோடு தனித்தனியாக உருளும். இவ்வளவு சிரமப்பட்டும் சக்கரத்தை மாற்ற முடியாது. மாற்றினால் வண்டி ஓடாது. அதே படத்தின் ஷெர்மன்களோ அசல். 1948இல் ஸ்டாலினோடு முறித்துக்கொண்ட யூகோஸ்லாவியாவுக்கு அமெரிக்கா கொடுத்த வண்டிகள் அவை.

வான்போர்ப் படங்களில் பெரிது 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' (1969). போர்க்காலத்தில் ஜெர்மனி ஸ்பெயினுக்கு மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் உடல்களை எஞ்சின் இல்லாமல் அனுப்பியிருந்தது. 1950களில் ஸ்பானியர்கள் அந்த வகை விமானத்தில் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினைப் பொருத்தினார்கள். ஸ்பிட்ஃபயரை ஓட்டிய அதே எஞ்சின்! படக்குழு இந்த விமானங்களைத் திரட்டி, இறக்கை நுனிகளைச் சதுரமாக வெட்டி, வாலுக்குத் தாங்குகம்பி வைத்து 1940ஆம் ஆண்டுக்குத் திருப்ப முயன்றது. மூக்கை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜெர்மன் டைம்லர் பென்ஸ் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்படுவது. புகைக்குழாய்கள் மூக்கின் கீழ்ப்புறம் வரிசையாக இருக்கும். மெர்லினில் அவை மேலே இருக்கும். தாடையும் கனத்துத் தொங்கும். மூன்று அலகு சுழலிக்குப் பதில் நான்கு அலகு. ஹைன்கல் குண்டுவீச்சு விமானங்களும் மெர்லின் பொருத்திய ஸ்பானியத் தயாரிப்புகளே. ஆக, திரையில் மோதிக்கொள்ளும் இரு தரப்புக்கும் ஒரே கம்பெனி எஞ்சின். ஆனால் 1935இல் மெஸ்ஸர்ஷ்மிட் 109 முதன்முதலாகப் பறந்ததும் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேர்ல் ஹார்பர் தாக்குதலைச் சொல்லும் 'டோரா! டோரா! டோரா!' (1970) இந்த வேலையை இன்னும் பாங்காகச் செய்தது. டெக்சன் என்ற அமெரிக்கப் பயிற்சி விமானம் ஜப்பானின் ஜீரோ போர்விமானம் ஆயிற்று. மடங்காத சக்கரங்கள் கொண்ட வல்டீ பயிற்சி விமானம், அதே போன்ற சக்கரங்கள் உள்ள 'வால்' (Val) என்ற ஜப்பானியக் குண்டுவீச்சு விமானமாயிற்று. இதன் காட்சிகளை 'மிட்வே' (1976) மறுபடி பயன்படுத்திக்கொண்டது.

கப்பலுக்கு டூப் தேடுவது எல்லாவற்றையும்விடக் கடினம். 1939 டிசம்பர் 13 அன்று நடந்த கடற்சண்டையை எடுத்த 'த பேட்டில் ஆஃப் த ரிவர் பிளேட்' (1956) படத்துக்கு ஒரு பேறு வாய்த்தது: சண்டையில் இருந்த அக்கிலீஸ் கப்பலே நடிக்க வந்தது. அதற்குள் அது இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லி, 1948இல் இந்தியா வாங்கியிருந்தது. பிரிட்டனின் கம்பர்லேண்ட் கப்பலும் தன் வேடத்தில் தானே வந்தது. எதிரியான ஜெர்மன் கப்பல் கிராஃப் ஷ்பேயாக வந்ததோ அமெரிக்காவின் சேலம் என்ற போர்க்கப்பல். நம் ஊர்ச் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். கிராஃப் ஷ்பேக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே பெரிய பீரங்கிக் கோபுரங்கள், சேலத்துக்கு மூன்று. பக்கவாட்டில் எண் 139 வேறு. கப்பல் அமெரிக்கக் கப்பல்போல வேடமிட்டுத் திரிகிறது என்று வசனத்தில் சமாளித்தார்கள். இது முழுக்கப் புளுகும் இல்லை: அசல் கிராஃப் ஷ்பே பொய்க் கோபுரமும் பொய்ப் புகைபோக்கியும் வைத்து உருமாறியதுண்டு.

சில பிழைகளுக்கு அரசே காரணம். 1943இல் ஜெர்மன் அணைகளை உடைத்த துள்ளும் குண்டு, 'த டேம் பஸ்டர்ஸ்' (1955) எடுக்கப்பட்டபோதும் பிரிட்டனின் ராணுவ ரகசியமாக இருந்தது. அசல் குண்டு உருளை வடிவம். படத்தில் வருவது உருண்டை. சோதனைகளின் உண்மையான படச்சுருளிலும் குண்டை மறைத்தே காட்டினார்கள். இப்படிக் கட்டாயத்தால் வந்ததையும் அசட்டையால் வந்ததையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. போர்க்காலத்தில் நடக்கும் 'வேர் ஈகிள்ஸ் டேர்' (1968) கதையில் ஜெர்மன் தளபதி வந்திறங்கும் பெல் 47 ஹெலிகாப்டர், போர் முடிந்த பிறகே முதன்முதலில் பறந்தது. அவர் காரிலேயே வந்திருக்கலாம்.

அசல் பொருள் கிடைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்பதும் இல்லை. 1943இல் நடக்கும் 'கிராஸ் ஆஃப் அயர்ன்' (1977) படத்தின் சோவியத் டாங்கிகள் அசல் டி-34/85. அந்த வகை களத்துக்கு வந்தது 1944இல். பிரிட்டனின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள டைகர் 131, 'ஃபியூரி' (2014) படத்தில் அசலாகவே ஓடியது. 1943இல் துனீசியாவில் பிடிபட்ட டாங்கி அது. படம் நடப்பதோ 1945 ஏப்ரலில். சக்கரங்களின் வெளிவட்டத்தில் ரப்பர் இருக்கிறது. 1944 முதல் வந்த டைகர்களில் அங்கே இருந்தது உருக்கு.