கடைசி வீட்டு பல்பு

தம்மம்பட்டியானாலும் சரி, கெங்கவல்லியானாலும் சரி... டிரான்ஸ்ஃபார்மருக்குத் தள்ளி, லைனின் கடைசியில் கிணறு வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 'எல்லாரும் மோட்டாரைப் போட்டுட்டா நம்மளுது இழுக்கவே மாட்டேங்குதுங்க' என்பார்.

இந்தப் புலம்பலுக்கு வயது 140-க்கு மேல்!

1882, செப்டம்பர் 4. நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தன் மின் நிலையத்தை ஓடவிட்டார். 110 வோல்ட், டி.சி. கரண்ட். பல்புகள் எரிந்தன. ஆனால், நிலையத்திலிருந்து சுமார் ஒரு மைல் தாண்டினால் வியாபாரம் கட்டுப்படியாகவில்லை.

ஏன்? 1827-லேயே ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மானிய ஆசிரியர் விடை எழுதிவிட்டார். கம்பிக்கும் தடை உண்டு. கரண்ட் ஓட ஓட, வழிநெடுக மின்னழுத்தம் சீராக இறங்கிக்கொண்டே போகும்.

கணக்குப் போடுவோமா? போகிற கம்பி, திரும்பும் கம்பி இரண்டும் சேர்ந்து 1 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 10 வோல்ட் காலி. 110-ல் கிளம்பியது பாதி தூரத்தில் 105. கடைசி வீட்டில் 100. அங்கே பல்பு அழுது வடியும். கம்பியைத் தடிமனாக்கலாம்தான். செம்புக்கு யார் காசு கொடுப்பது?

வேறு வழி, வோல்டேஜை ஏற்றுவது. இரண்டு மடங்காக்கினால் அதே மின்சக்திக்குப் பாதி ஆம்பியர் போதும். கம்பியில் சூடாக வீணாவது கால்வாசியாகிவிடும். அன்றைக்கு டி.சி-யைச் சுலபமாக ஏற்றி இறக்க வழியில்லை. ஏ.சி-க்கோ டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. எடிசன் சறுக்கியது இங்கேதான். 1896-ல் நயாகராவிலிருந்து பஃபலோ நகருக்கு ஏ.சி. போயிற்று. நம் மேட்டூர் அணையடியில் 1937-ல் பிறந்த மின்சாரமும் ஏ.சி-தான்.

வேடிக்கை என்னவென்றால், தோற்ற டி.சி. பிற்பாடு ராஜநடை போட்டுத் திரும்பி வந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல், 8 லட்சம் வோல்ட்டில் ஓடுவது டி.சி! 2020-21-ல் இயங்க ஆரம்பித்த இந்தப் பாதையின் திறன் 6,000 மெகாவாட்.

ஆனால், கிணற்றடிக்கு வரும் கடைசிக் கம்பி? அது ஏ.சி-யானாலும் ஓம் விதி விடுவதில்லை. வோல்டேஜ் விழுந்தால், தண்ணீரை இழுக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் கேட்கும். ஆம்பியர் கூடினால் வோல்டேஜ் இன்னும் விழும். காயில் சூடேறிக் கருகும். திரும்பக் காயில் கட்டும் செலவு விவசாயி தலையில்.

'டிரான்ஸ்ஃபார்மரைக் கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க' என்று அவர் மனு எழுதுகிறாரே... ஓம் அன்று சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். ஓமுக்கே ராயல் சொசைட்டி பதக்கம் கிடைக்க 14 வருடம் ஆயிற்று. இவருடைய பயிர் அவ்வளவு நாள் தாங்காது!