மணி அடித்தால் கைமாறும் தாள்

ஒரு பக்கத் தாள். இடப்புறம் பத்துப் பதினைந்து வரிகள். வலப்புறம் ‘செய்தார்’, ‘செய்யவில்லை’ என்று இரண்டு கட்டங்கள். தன் பெயரைச் சொன்னாரா? கை கழுவினாரா? தொடுவதற்கு முன் சம்மதம் கேட்டாரா? எங்கே வலிக்கிறது என்று முதலில் விசாரித்து, அந்த இடத்தைக் கடைசியாகத் தொட்டாரா? வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது நோயாளியின் முகத்தைக் கவனித்தாரா?

மருத்துவ மாணவர் நோயாளியைப் பரிசோதிக்கிறார். ஓரமாக நிற்கும் ஆசிரியர் வாய் திறக்காமல் இந்தத் தாளில் குறி போடுகிறார். சில நிமிடங்களில் மணி அடிக்கிறது. மாணவர் அடுத்த ‘ஸ்டேஷனு’க்கு நகர்கிறார். அங்கே வேறொரு வேலை, வேறொரு ஆசிரியர், வேறொரு தாள். மருத்துவக் கல்லூரிகளில் இந்தத் தேர்வை ‘ஆஸ்கி’ என்பார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இந்தத் தாள் வந்து சேர ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. வந்த வழியில் அது மதிப்பும் பெற்றது, அடியும் பட்டது.

பிறந்த ஊர் டண்டீ. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், வங்காளத்துச் சணலை நூற்று வாழ்ந்த ஆலை நகரம். 1970களின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றிய ரொனால்ட் ஹார்டன் தைராய்டு முதலிய சுரப்பிகளின் நோய்களைப் பார்க்கும் மருத்துவர். மாணவர்களுக்குத் தேர்வு நடத்தும் முறை அவரை உறுத்தியது. அன்றைய வழக்கம் நம் ஊரிலும் நெடுங்காலம் இருந்ததுதான்: ஒரு நோயாளியை நெடுநேரம் பார்க்கும் ‘லாங் கேஸ்’, சிலரைச் சுருக்கமாகப் பார்க்கும் ‘ஷார்ட் கேஸ்’, பிறகு வைவா என்ற வாய்மொழித் தேர்வு. ஒருவருக்கு நோயை வரிசையாக விவரிக்கும் நோயாளி வாய்ப்பார். அடுத்தவருக்கு இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத நோயாளி. ஒரு தேர்வாளர் பொறுமையாகக் கேட்பார். இன்னொருவர் முதல் தடுமாற்றத்திலேயே முகம் சுளிப்பார். மாணவரின் திறமையோடு அவர் அன்று எதிர்கொண்ட நோயாளியும் தேர்வாளரும் சேர்ந்தே மதிப்பெண்ணை முடிவு செய்தார்கள்.

ஹார்டனும் உடன் பணியாற்றியவர்களும் தேர்வைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். எல்லா மாணவரும் ஒரே வரிசை ஸ்டேஷன்கள் வழியாகச் செல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே வேலை, ஒரே நேரம். எதற்கு மதிப்பெண் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்படும். 1975இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்த முறையை அவர்கள் வெளியிட்டார்கள். 1979இல் ஹார்டனும் கிளீசனும் எழுதிய கட்டுரை வழியாக ஆஸ்கி என்ற பெயர் நிலைத்தது.

தாளுக்கு ஒரு துணையும் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963இலேயே, உடல்நலமுள்ள ஒருவரை நரம்பு நோயாளிபோல் நடந்துகொள்ளப் பழக்கி மாணவர்கள்முன் நிறுத்தியிருந்தார். எத்தனை மாணவர் வந்தாலும் ஒரே கதையை ஒரே விதமாகச் சொல்லும் ‘நோயாளி’ அவர். பயிற்சி பெற்ற நோயாளியும் எழுதி வைத்த தாளும் ஒன்றுசேர்ந்தபோது இந்தத் தேர்வு நாடு நாடாகப் பரவியது. கனடா 1992இல் மருத்துவர் உரிமத்துக்கான தேர்வில் இதைச் சேர்த்தது. பிரிட்டனில் வேலை பார்க்க விரும்பும் நம் ஊர் மருத்துவர்கள் இன்று மான்செஸ்டர் வரை விமானம் ஏறிப்போய், ‘பிளாப்’ தேர்வின் இரண்டாம் பகுதியில் இதே மணிச் சத்தத்துக்கு நகர்கிறார்கள்.

பரவப் பரவத் தாளின் குறையும் தெரிந்தது. கனடாவின் டொரான்டோவில் பிரையன் ஹாட்ஜஸும் அவரோடு இருந்தவர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, அனுபவம் மிகுந்த மருத்துவர்கள் இந்தக் கட்டங்களில் மாணவர்களைவிடக் கூடுதலாக மதிப்பெண் பெறுவதில்லை என்று காட்டியது. காரணம் எளிது. கைதேர்ந்தவர் இரண்டு கேள்வியில் நோயை நெருங்கிவிடுவார். கேட்கத் தேவையில்லாத எட்டுக் கேள்வியை அவர் கேட்க மாட்டார். தாளோ அந்த எட்டுக்கும் சேர்த்தே மதிப்பெண் வைத்திருக்கும். மாணவர்களும் இதைக் கண்டுகொண்டார்கள். நோயாளியின் முகம் பார்க்காமல், “நான் உங்கள் வலியைப் புரிந்துகொள்கிறேன்” என்று மனப்பாடமாகச் சொல்லிக் கட்டத்தை நிரப்பப் பழகினார்கள்.

ஆகவே கேள்வி தாளைத் தாண்டி, அதை எழுதும் ஆசிரியரிடம் வந்து நின்றது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதைச் செய்யத் தவறினால் ஆபத்து, எதில் தவறினால் சிறு பிழை என்று பிரிப்பது ஒரு கலை. அதற்கென்று ஒரு படிப்பு வேண்டும்.

அந்தப் படிப்பின் வேர் தாளைவிட மூத்தது. 1950களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர், கல்வியியல் துறைப் பேராசிரியர்களை மருத்துவ ஆசிரியர்களோடு உட்காரவைத்தார். நோயைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவருக்குக் கற்பிக்கவும் தானாகவே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை அந்தச் சந்திப்புகள் அசைத்தன. பிறகு மில்லர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்விக்கென்றே ஒரு துறையைக் கட்டினார். 1990இல் அவர் வரைந்த நான்கடுக்குக் கோபுரத்தை இன்று மருத்துவ ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வதென்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாடப் பணியில் செய்வது. எழுத்துத் தேர்வு முதல் இரண்டு அடுக்கோடு நின்றுவிடும். ஆஸ்கி மூன்றாவதைத் தொடும். டண்டீயும் தாளோடு நிற்கவில்லை. பணியில் இருக்கும் மருத்துவ ஆசிரியர்கள் தங்கள் ஊரில் இருந்தபடியே படிக்க, மருத்துவக் கல்வியில் சான்றிதழ், டிப்ளமோ, முதுகலை என்று படிப்படியான அஞ்சல்வழிப் படிப்பை அது உலகெங்கும் கொண்டுசென்றது.

அப்படி என்னதான் கற்பிக்கிறார்கள்? ஒன்றைச் சொல்கிறேன். தேர்ச்சி மதிப்பெண் ஐம்பது என்று நாம் பழகிவிட்டோம். ஏன் ஐம்பது? இந்தப் படிப்பில் வேறு வழி கற்றுத் தருவார்கள். தேர்வாளர் கட்டங்களை நிரப்புவதோடு, மாணவரைப் பற்றிய தன் ஒட்டுமொத்தக் கணிப்பையும் தனியாகக் குறிக்க வேண்டும்: தேறலாம், தேறக் கூடாது, இரண்டுக்கும் நடுவில். அந்த நடுக்கோட்டில் நிற்பவர்கள் கட்டங்களில் பெற்ற சராசரியே அந்த ஸ்டேஷனின் தேர்ச்சி மதிப்பெண். வேலை கடினமாக இருந்தால் அளவு தானாகத் தாழும். எளிதாக இருந்தால் உயரும். இன்னொரு பாடம், ஒரே மாணவரை இரண்டு ஆசிரியர்கள் பார்த்துத் தனித்தனியே குறி போட்டு, பிறகு தாள்களை ஒப்பிட்டு, எங்கே ஏன் வேறுபட்டோம் என்று பேசுவது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஒசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இந்த ஊர் அளந்து பிழைக்கும் ஊர். அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டனும் வளர்ந்த ஊரில், வெர்னியர் காலிப்பரும் மைக்ரோமீட்டரும் பிடித்த கைகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஒரு ஜாப் சரியாக இருக்கிறதா என்று மைக்ரோமீட்டர் சொல்லும். அந்த மைக்ரோமீட்டர் சரியாக இருக்கிறதா என்பதைக் காலிபரேஷன் தேதி போட்ட ஸ்டிக்கர் சொல்லும். தேதி கடந்த கருவியால் அளந்ததைத் தர ஆய்வாளர் ஏற்க மாட்டார். மருத்துவத் தேர்வில் அந்தக் கருவி ஆசிரியரே. அவரைச் சீர்பார்க்கும் இடம் மருத்துவக் கல்விப் படிப்பு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் தொழில் கற்பிப்பவருக்கென்று ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. பள்ளி ஆசிரியருக்கு பி.எட். இருக்கிறது. மருத்துவரை உருவாக்கும் ஆசிரியரிடம் மட்டும், கற்பிக்கக் கற்றுக்கொண்டீர்களா என்று நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை.

இந்தியாவில் கேட்கத் தொடங்கிய இடங்களில் முன்னோடி புதுச்சேரி ஜிப்மர். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1970களில் அங்கே மருத்துவ ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் உருவானது. 1997இல் இந்திய மருத்துவக் கவுன்சில், கல்லூரிதோறும் மருத்துவக் கல்விப் பிரிவு இருக்க வேண்டும் என்று விதித்தது. 2007இல் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் மருத்துவ ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ஃபைமர் நிறுவனத்தின் வட்டார மையம் தொடங்கியது. அங்கே சேரும் ஆசிரியர் சில நாள் வகுப்பில் இருந்துவிட்டு, தன் கல்லூரிக்குத் திரும்பி, கற்பித்தலில் ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்து, அடுத்த ஆண்டு வந்து விளைவைச் சொல்ல வேண்டும். இரண்டாண்டுப் பயணம் அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்வியில் மேல்நிலைப் பயிற்சி தருகிறது.

2019 ஆகஸ்டில் திறன் அடிப்படையிலான புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாணவர் என்ன படித்தார் என்பதோடு, என்ன செய்யக் கற்றார் என்பதும் கணக்கில் வந்தது. திறன் ஆய்வகம் கட்டாயமானது. தாளுக்குக் கல்லூரிகளின் கதவு அகலத் திறந்தது.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று கிருஷ்ணகிரி, போலுப்பள்ளியில் எழுந்தது. ஒசூரிலும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. 2004இல்தான் தனி மாவட்டமான கிருஷ்ணகிரிக்கு இவை பெரிய வரவு. போலுப்பள்ளியில் சேர்ந்த முதல் அணி முதல் நாளிலிருந்தே புதிய பாடத்திட்டத்தில் படித்தது. பழைய முறையில் தேர்வெழுதிய ஆசிரியர்கள், அந்த முறையைப் பார்த்தே இராத மாணவர்களுக்குக் கற்பிக்கும் நிலை.

இங்கே வந்த தாள் இங்கேயே மாற வேண்டும். இந்த மாநில எல்லையில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழிகள். தளியிலிருந்தோ கெலமங்கலத்திலிருந்தோ வரும் ஒரு பாட்டி, “கடுபு நொப்பி” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெலுங்கில் கடுபு என்றால் வயிறு. அவர் சொல்வது வயிற்றுவலி. தூத்துக்குடியிலிருந்து வந்த மாணவரின் காதில் அது ‘கடுப்பு’ என்று விழலாம். நம் வழக்கில் வயிற்றுக்கடுப்பு என்றால் சீதபேதி. ஒரே ஓர் ஒற்றெழுத்தில் நோயே மாறிவிடுகிறது. கன்னடக்காரர் “ஹொட்டே நோவு” என்பார். நோவு நம் சொல்லேபோல இருக்கும், ஹொட்டே புரியாது. மாணவர் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, தாளில் உள்ள மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட முடியும். கட்டங்கள் நிரம்பும். பாட்டியின் நோய் அறையிலேயே நின்றுவிடும்.

புதிய பாடத்திட்டம் எம்.பி.பி.எஸ். தொடக்கத்திலேயே அடித்தளப் பயிற்சியில் வட்டார மொழியைக் கற்பிக்கச் சொல்கிறது. ஆனால் எந்தச் சொல்லில் மாணவர் வழுக்குவார், அதை எந்த ஸ்டேஷனில் சோதிப்பது, தெலுங்கு பேசும் ‘நோயாளி’யாக யாரைப் பழக்குவது என்பதை டெல்லியில் அச்சான பாடத்திட்டம் சொல்லாது. ஒசூர் வார்டில் நின்று பழகிய, தேர்வு எழுதும் கலையையும் முறையாகக் கற்ற ஒருவர்தான் சொல்ல முடியும்.

அந்த ஒருவரை உருவாக்க இன்று நாம் தருவது பெரும்பாலும் மூன்று நாள் அடிப்படைப் பயிற்சி. பதவி உயர்வுக்கு அது வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருப்பது நல்லதே. ஆனால் மூன்று நாளில் ஒருவர் தாளை நிரப்பப் பழகலாம். எழுதப் பழக முடியாது. புதிய கல்லூரி ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று ஆசிரியர்களையாவது ஊதியத்தோடு விடுப்புக் கொடுத்து முழுப் படிப்புக்கு அனுப்ப வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வேலூர் இங்கிருந்து நெடுஞ்சாலையில் சில மணி நேரம். கோவையும் புதுச்சேரியும் ஒரு பகல் பயணம். திரும்பி வருபவர் அந்தப் பழைய டண்டீத் தாளை மேசையில் விரித்து, ‘தன் பெயரைச் சொன்னாரா’ என்ற முதல் வரிக்குக் கீழே இரண்டாவதாக ஒன்றை எழுதுவார்: எந்த மொழியில் பேசட்டும் என்று கேட்டாரா?