அபிமானமும் அழிவும்

கலைஞரையும் வீரரையும் போற்றுதல் மக்கட்கு இயல்பாம். சுருவில், வேலணை முதலிய தீவக ஊர்களிலிருந்து பண்ணைப் பாலங் கடந்து யாழ்ப்பாண நகரத்துப் படமாளிகைகளுக்குச் சென்றோர் பலர், தம் விருப்பிற்குரிய நடிகரைத் தம் குடும்பத்தாருள் ஒருவராகவே எண்ணினர். இவ்வன்பு குற்றமன்று. ஆயின், அது உயிர்க்கேடாக மாறுவது எவ்வாறு? அதனைத் தடுக்குங் கடப்பாடு யாருக்குரியது? வரலாறு தரும் விடையை ஈண்டு ஆராய்வாம்.

கீழை உரோமப் பேரரசின் தலைநகராகிய கொன்ஸ்தாந்திநோப்பிளில் தேரோட்டப் போட்டிகள் பெருஞ்சிறப்புற்றிருந்தன. தேரோட்டிகள் அணிந்த நிறத்தால் மக்கள் நீலக் கட்சியினர், பச்சைக் கட்சியினர் எனப் பிரிந்து நின்றனர். யஸ்தீனியன் என்னும் பேரரசன் நீலக் கட்சியை ஆதரித்து வந்தான். கி.பி. 532ஆம் ஆண்டு சனவரியில், முன்னைய கலகமொன்றில் நிகழ்ந்த கொலைகட்காகத் தூக்கிலிடப்பட்டோருள் இருவர், தூக்குமரம் முறிந்தமையால் உயிர் தப்பினர். ஒருவன் நீலக் கட்சியினன். மற்றவன் பச்சைக் கட்சியினன். அவர்களை மன்னிக்க வேண்டுமென இரு கட்சியினரும் ஒன்றுசேர்ந்து எழுந்தனர். தேரோட்டிகளை ஊக்கிய ‘நிகா’, அஃதாவது ‘வெல்க’, என்னும் முழக்கமே கலகத்தின் முழக்கமாயிற்று. நகரின் பெரும்பகுதி எரிந்தது. ஈற்றில் அரசன் படையினர் போட்டியரங்கினுள் மக்களை வளைத்துக் கொன்றனர். மாண்டோர் ஏறத்தாழ 30,000 பேர் என அக்காலத்து வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியசு கூறுவர். கட்சிப் பற்றைத் தன் வலிமைக்கு ஊன்றுகோலாக்கிய அரசன், அது மிஞ்சியபோது வாளையன்றி வேறு வழி கண்டானல்லன்.

தேரோட்டியின் இடத்தில் திரைப்பட நடிகர் வைத்துப் போற்றப்பட்டமை நம் காலத்து வரலாறு. இலங்கை மலைநாட்டில் 1917இல் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன், ஏழைக்கிரங்குந் தலைவனாகத் திரையில் தோன்றித் தமிழக மக்களின் நெஞ்சைக் கவர்ந்தார். அவருடைய இரசிகர் மன்றங்கள் 1972இல் அவர் தொடங்கிய கட்சிக்கு அடித்தளமாயின. 1977இல் அவர் முதலமைச்சரானார். 1984இல் அவர் நோயுற்றபோது தம்முயிரையும் உறுப்பையும் காணிக்கையாக்க முற்பட்டோர் உளர். 1987 திசெம்பர் 24இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 30 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். சென்னையிற் கலகமும் கொள்ளையும் நிகழ்ந்தன. திரையில் எவ்வேழைகளை அவர் காத்தாரோ, அவ்வேழைகளுட் சிலரே அவர் பொருட்டு மாண்டமை எண்ணுதற்குரியது.

இவையெல்லாம் பழங்கதையென ஒதுக்குதற்கில்லை. 2024 பெப்ரவரி 9ஆம் நாள், யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த பாடகர் ஹரிஹரனின் இசைநிகழ்ச்சியில், கூட்டத்தினர் தடுப்புகளை உடைத்து முன்னேறினர், நிகழ்ச்சி தடைப்பட்டது, சிலர் காயமுற்றனர். 2025 செப்தெம்பர் 27ஆம் நாள், தமிழகத்துக் கரூரில், நடிகர் விஜய் தொடங்கிய கட்சியின் கூட்டத்தில் நெரிசலுண்டாகி, சிறுவருட்பட 41 பேர் மாண்டனர். பகல் முழுதுங் காத்திருந்த மக்கள்முன் அவர் தோன்றியது மாலை ஏழு மணியளவிலாம். ஆண்டுப் பகைமை யாதுமின்று, வெறுப்புமின்று. காணவேண்டுமென்னும் ஆவலொன்றே, இடமும் ஒழுங்கும் இன்மையால், உயிரைக் குடித்தது.

இனி, நம் சமய வரலாற்றை நோக்குவாம். அடியார் வேடம் பூண்டு வந்த பகைவனால் மெய்ப்பொருள் நாயனார் குத்துண்டு வீழ்ந்தார். அரசன்மீது பேரன்பு கொண்ட குடிமக்கள் சினந்து எழுந்தனர். நாயனாரோ, உயிர் நீங்குந் தறுவாயிலும், பகைவனை இடையூறின்றி நகர்ப்புறத்தே விட்டு வருமாறு தத்தனை ஏவினார். அவ்வாணையைக் கேட்ட மக்கள் விலகி வழிவிட்டனர் எனச் சேக்கிழார் பாடுவர். தன்மீது அன்புடையாரைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல், அவ்வன்பைப் பெற்றவனிடத்தே மிகுதியும் உளது என்பது இதனாற் பெறப்படும்.

எனவே, அபிமானத்தாற் புகழோ பொருளோ ஆட்சியோ பெறுபவர், அபிமானிகளின் உயிர்க்குக் காவலராதலையும் தம் கடனாகக் கொள்ளல் வேண்டும். அபிமானிகளாகிய நாமும், நம் அன்பிற்குரியவரிடம் அக்கடனைக் கேட்டுப் பெறும் அறிவுடையோமாதல் வேண்டும். போற்றுவோம்; ஆயின், போற்றுங்கால் அருகில் நிற்பவன் மூச்சுத் திணறாது நிற்கின்றானா எனவும் நோக்குவோமாக.