ஆண்டுக் கணக்கும் பாடக் கணக்கும்: தருமபுரியின் டிப்ளமோ மாணவரும் கணினிப் பொறியியல் பட்டமும்

பத்தாம் வகுப்பு தேறிய இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மேல்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டும் பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டும் படிக்கிறார். மற்றவர் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்து, நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையில் பொறியியல் கல்லூரிக்குள் வந்து மூன்று ஆண்டு படிக்கிறார். முன்னவருக்கு 10+2+4, பின்னவருக்கு 10+3+3. இருவருக்கும் பதினாறு ஆண்டுகளே. டிப்ளமோ வழியைக் குறுக்கு வழி என்று பேராசிரியர்களிலேயே சிலர் கருதுவதுண்டு. அந்தக் கருத்துக்கு இந்தக் கூட்டலில் இடமில்லை.

கூட்டல் சரியாக வருவதாலேயே ஒரு பிழை கண்ணில் படாமல் போகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஈடு செய்யும் இந்த முறை, பாடத்துக்குப் பாடம் ஈடாகிறதா என்று கேட்பதில்லை. டிப்ளமோ மாணவர் தமக்குத் தெரிந்ததையே மறுபடி படிக்கிறார். படிக்காத சிலவற்றைப் படித்தவராகக் கருதப்பட்டு மேல் வகுப்பில் அமர்த்தப்படுகிறார். கணினிப் பொறியியல் பிரிவில் இந்தப் பொருத்தமின்மை கூர்மையாகத் தெரிகிறது. அதன் சுமையைத் தனியே தாங்கிக்கொள்ள வசதி குறைந்த மாவட்டங்களில் ஒன்று தருமபுரி. நேரடிச் சேர்க்கையின் அலகு ஆண்டாக இருப்பதை விட்டுப் பாடமாக மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர்த் தொழிற்பேட்டைகளும், 1994இல் தொடங்கிய பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியும் அந்தப் பக்கம் போயின. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி வந்தது 2013இல்தான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் இம்மாவட்ட எல்லைக்குள் அரசு பொறியியல் கல்லூரி ஒன்றுகூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.09 விழுக்காடு, தருமபுரியில் 68.54. தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே கடைசி. இங்கே பட்டம் பெறும் முதல் தலைமுறை என்பது இன்றும் பெரும்பான்மை மாணவரின் நடப்பு நிலை.

இத்தகைய வீட்டில் பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கைத் தேர்ந்தெடுப்பதை அறிவுத்திறனின் குறையாகப் பார்ப்பது பெரும் தவறு. அது இடரைக் கணக்கிட்டு எடுக்கும் முடிவு. மழையை நம்பிச் சாமையும் கேழ்வரகும் விதைக்கும் பென்னாகரத்துக் குடும்பம், தக்காளி விலை சரிந்தால் கடனில் விழும் பாலக்கோட்டுக் குடும்பம், கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போய்வரும் அரூர்ப் பக்கத்துக் குடும்பம் ஆகிய எதற்கும் ஆறு ஆண்டுகளை ஒரே மூச்சில் பணயம் வைக்க இயலாது. பிளஸ் டூ முடித்து இரண்டாம் ஆண்டில் பொறியியலை விட்டு வெளியேறியவரிடம் வேலைக்குக் காட்ட எதுவும் இல்லை. டிப்ளமோ முடித்து நின்றுவிட்டவரை ஓசூர்த் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்ளும். நடுவழியில் இறங்கினாலும் கையில் சான்றிதழ் இருக்கும் பாதையைத்தான் அந்தக் குடும்பங்கள் தேர்கின்றன. ஐ.டி.ஐ. முடித்தவரும் நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதால் இந்தப் படிகள் இன்னும் கீழிருந்தே தொடங்குகின்றன.

உலகின் பிற பகுதிகளில் இந்தப் பணியைச் செய்வது சமுதாயக் கல்லூரி. கலிபோர்னியா 1960இல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் மூன்றடுக்கு கொண்டது. உயர் தரவரிசையில் உள்ளோருக்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், அடுத்த நிலையினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம், எஞ்சிய அனைவருக்கும் சமுதாயக் கல்லூரி. அங்கே முதலிரண்டு ஆண்டுப் படிப்பை முடித்தவர் மேலடுக்குக்கு மாறிச் சென்று பட்டம் பெறலாம். மாற நினைக்கும் எல்லோரும் அங்கும் மாறிவிடுவதில்லை. அந்த முறையைக் குறைகளற்றதாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்ற பட்டியல் 'அசிஸ்ட்' என்னும் பொதுத் தரவுத்தளத்தில் கிடைக்கிறது. முதல் பருவத்து மாணவரே அதைப் பார்த்துத் தம் பாடங்களைத் தேரலாம்.

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி வேறு வழியில் வளர்ந்தது. 1996இல் சென்னையில் திருச்சபை தொடங்கிய கல்லூரியும், அதைப் பின்பற்றிப் பரவியவையும், பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கு வாழ்வாதாரத் திறன் கொடுக்கவே முனைந்தன. அது மதிக்கத்தக்க பணி. பல்கலைக்கழக மானியக் குழு பின்னர் வகுத்த சமுதாயக் கல்லூரித் திட்டமும் திறன் சான்றிதழையே மையமாகக் கொண்டது. பட்டப் படிப்புக்கு மாற்றிவிடும் பணி இங்கே பாலிடெக்னிக்கின் தோளில் விழுந்தது. அதற்கான ஈட்டுப் பட்டியல் மட்டும் உடன் வரவில்லை.

காரணத்தை விதிமுறையின் பிறப்பிலேயே காணலாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஏற்பாட்டில் நேரடிச் சேர்க்கைக்கான இடங்கள் இரண்டு வகை: அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேலாகத் தரப்படும் 10 விழுக்காடு ஒன்று, முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்கள் மற்றொன்று. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி பொறுப்பேற்று நடத்தும் மாநிலக் கலந்தாய்வு இந்த இடங்களை டிப்ளமோ மதிப்பெண் தரவரிசைப்படி ஒதுக்குகிறது. நேரில் கலந்தாய்வு நடந்த காலத்தில் தருமபுரி மாணவர் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்தாக வேண்டியிருந்தது. இணையவழி வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆக, முறை முழுவதும் இருக்கையைப் பற்றியே சிந்திக்கிறது: எத்தனை காலி, யாருக்கு எது. 60 இடங்கள் கொண்ட கணினிப் பிரிவு முதலாண்டிலேயே நிரம்பிவிட்டால் நேரடிச் சேர்க்கைக்கு எஞ்சுவது 6 இடம். அரசு கல்லூரியில் அந்த ஆறுக்குள் வரும் மாணவர் தம் பாலிடெக்னிக்கின் முதல் வரிசையில் இருந்தவராகவே இருப்பார். அப்படிப்பட்டவரும் மூன்றாம் பருவத்தில் அரியர் வாங்க நேர்ந்தால், பிழை மாணவரிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர முடியாது.

இனி பாடங்களுக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி கணினி அறிவியல் பொறியியலின் முதல் பருவத்தில் அணிகளும் நுண்கணிதமும், பைத்தான் வழிச் சிக்கல் தீர்த்தலும் வருகின்றன. இரண்டாம் பருவத்தில் புள்ளியியலும் எண்முறைகளும், சி நிரலாக்கம், பொறியியல் வரைகலை. நேரடிச் சேர்க்கை மாணவர் இந்த இரண்டு பருவங்களையும் கடந்தவராகக் கொள்ளப்படுகிறார். அவர் உண்மையில் எவற்றைக் கடந்திருக்கிறார்? தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் டிப்ளமோவில் சி நிரலாக்கத்தையும் தரவுக் கட்டமைப்பையும் சேர்த்தே படித்திருக்கிறார். வரைகலையை முதலாண்டிலேயே முடித்திருக்கிறார். இயக்க முறைமை, உறவுசார் தரவுத்தளம், வலைப்பின்னல் ஆகியவற்றைக் கோட்பாட்டோடும் ஆய்வகத்தோடும் பயின்றிருக்கிறார். அவற்றைப் பட்ட மாணவர் நான்காம் பருவத்திலிருந்துதான் தொடுகிறார். கைப்பழக்கத்தில் டிப்ளமோ மாணவர் முன்னால் நிற்கிறார்.

கணிதத்தில் நிலைமை தலைகீழ். டிப்ளமோவின் பொறியியல் கணிதம் முதலாண்டோடு முடிந்துவிடுகிறது. பிறகு இரண்டு ஆண்டுகள் கணிதமே இல்லாமல் கழிகின்றன. அந்த இடைவெளியோடு மூன்றாம் பருவத்தில் வந்து அமரும்போது முன்னால் இருப்பது தனிநிலைக் கணிதம்: தருக்கமும் நிறுவலும், சேர்மானங்கள், கோட்டுருக்கள், இயற்கணித அமைப்புகள். விடையைக் கண்டுபிடித்துப் பழகியவரிடம் ஏன் அது விடையாகிறது என்று நிறுவச் சொல்கிறது இந்தப் பாடம். அடுத்த பருவத்தில் வரும் கணிப்புக் கோட்பாடு அந்த நிறுவல் பழக்கத்தின் மீதே நிற்கிறது.

இதைவிடக் கவலை தருவது புள்ளியியல். பட்ட மாணவர் இரண்டாம் பருவத்தில் அதைப் படித்துவிட்டு மூன்றாம் பருவத்தில் தரவு அறிவியல் அடிப்படைகளுக்குள் நுழைகிறார். அந்தப் பாடம் ஒட்டுறவு, தொடர்புப்போக்கு ஆகியவற்றை விளக்கி, நம்பை, பாண்டாஸ் போன்ற பைத்தான் நூலகங்களைக் கொண்டு தரவைக் கையாளச் சொல்கிறது. நான்காம் பருவத்தில் செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் பேயிசின் நிகழ்தகவோடு வருகின்றன. புள்ளியியல் பாடமும் பைத்தான் பாடமும் இருந்த பருவங்களைத் தாண்டி வந்தவர், அவ்விரண்டையும் அடித்தளமாகக் கொண்ட வகுப்பில் முதல் நாளே அமர்கிறார். அடித்தளம் விட்டுப்போனதை அவரிடம் யாரும் சொல்வதுகூட இல்லை. இன்று கணினித் துறையில் நல்ல வேலைகளுக்கான வாசல்கள் பலவும் தரவு அறிவியலையும் இயந்திரக் கற்றலையும் கடந்தே இருக்கும்போது, விட்டுப்போன இந்த ஒரு பாடத்தின் விலை மிக அதிகம்.

சென்னை மாணவருக்கும் இதே இடைவெளி உண்டு என்பது உண்மை. அங்கே அது தனிப்பயிற்சியாலோ, வீட்டில் உள்ள முதல் பட்டதாரியாலோ, அடுத்த தெருவில் இருக்கும் மூத்த மாணவராலோ ஓரளவு நிரப்பப்படுகிறது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு வகுப்பறை ஒன்றே வழி. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தபின் அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் எளிதாயின. அதை மனமார வரவேற்கிறேன். பாட இடைவெளியை அந்தப் பணத்தால் நிரப்ப முடியாது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். பிளஸ் டூ வழியாக வந்தவருக்கும் கணிதம் தடுமாறுகிறதே என்பது முதல் மறுப்பு. தடுமாறலாம், ஆயினும் அவருக்குப் பாடம் நடத்தப்பட்டது, தேர்வு வைக்கப்பட்டது, தவறினால் மறுபடி எழுத வாய்ப்பும் உண்டு. நடத்தப்படாத பாடத்தில் தடுமாறுவதை அதனோடு ஒப்பிட முடியாது. பாடவாரியாக ஈடு பார்த்தால் தரம் குறையும் என்பது இரண்டாவது. விதிமுறைக்குள்ளேயே இதற்குப் பதில் இருக்கிறது. பி.எஸ்சி. பட்டம் பெற்று நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்வோர் பொறியியல் வரைகலையையும் பொறியியல் இயக்கவியலையும் கூடுதலாகத் தேறவேண்டும் என்று அகில இந்தியக் குழு கோருகிறது. அதாவது, முன்படிப்பில் இல்லாததைக் கண்டறிந்து அந்தப் பாடத்தை மட்டும் சேர்த்துக் கற்பிக்கும் கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது. பி.எஸ்சி. மாணவருக்கு வரைகலை என்றால் டிப்ளமோ மாணவருக்குப் புள்ளியியல் ஏன் இல்லை?

எப்படிக் கற்பிப்பது என்பதற்கும் நம் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டம் அடித்தள நிலையில் எட்டுப் பாடங்களை வைக்கிறது: கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, ஆங்கிலம் இரண்டு, கணிப்புச் சிந்தனை, பைத்தான். மேலே ஏறுவதற்கு முன் எவை வேண்டும் என்று எண்ணிப் பார்த்து அமைத்த வரிசை அது. டிப்ளமோ மாணவருக்கு இந்த எட்டும் தேவையில்லை. புள்ளியியல் ஒன்று, நிறுவல் முறைகளோடு சேர்ந்த கணிதம் ஒன்று, சி தெரிந்தவருக்கான சுருக்கமான பைத்தான் ஒன்று போதும்.

நேரம் எங்கே என்று கேட்கலாம். இறுதிப் பருவத் தேர்வுக்கும் பொறியியல் கல்லூரியில் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவே உள்ள கோடைக்காலம் ஒன்று. அந்த வாரங்களில் பல மாணவர் கூலி வேலைக்குப் போகிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. நான் பரிந்துரைப்பது ஆய்வக நேரத்தை. தரவுக் கட்டமைப்பு ஆய்வகம், தரவுத்தள ஆய்வகம் ஆகியவற்றில் சேர்க்கையின்போதே ஒரு செய்முறைத் தேர்வு வைத்து, தேறியவருக்கு விலக்கு அளிக்கலாம். அப்படிக் கிடைக்கும் பாடவேளைகளில் புள்ளியியலும் நிறுவலும் நடத்தலாம். கோட்பாட்டுத் தாள்களுக்கு விலக்கு கூடாது. டிப்ளமோவில் எஸ்.க்யூ.எல். எழுதிப் பழகியவர் பரிவர்த்தனைக் கட்டுப்பாட்டின் கோட்பாட்டைப் பட்ட வகுப்பில்தான் ஆழமாகச் சந்திக்கிறார். பட்டியலும் அடுக்கும் அறிந்தவருக்குச் சமநிலை மரங்களும் கோட்டுரு வழிமுறைகளும் இன்னும் மீதம் இருக்கின்றன. அதனால்தான் மொத்த விலக்கையும் தேர்வில்லாத விலக்கையும் நான் ஏற்கவில்லை.

நேரடிச் சேர்க்கைக்கு மாற்றாக, வேலைக்குச் சென்றபடி பகுதிநேர பி.இ. படிக்கும் வழியும் டிப்ளமோ பெற்றோருக்கு நெடுங்காலமாக உண்டு. தருமபுரியிலிருந்து மாலை வகுப்புக்குச் சேலம் செல்ல அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஓசூரில் ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவருக்கு அது வழியே இல்லை.

ஈட்டுப் பட்டியல் யார் பொறுப்பு என்பதே இனி நிற்கும் கேள்வி. டிப்ளமோ பாடத்திட்டம் 2020இல் மாறியது. பட்டப் பாடத்திட்டம் 2021இல் மாறியது. அதன் பின்னரும் இருபுறமும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒருமுறை தயாரித்து அலமாரியில் வைக்கும் பட்டியல் இரண்டே ஆண்டில் பழையதாகிவிடும். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் பல்கலைக்கழகப் பாடக்குழுவும் ஒன்றாக அமர்ந்து அதைப் புதுப்பிக்க வேண்டும். டிப்ளமோ முதலாண்டு மாணவர் கையில் அது தமிழிலும் கிடைக்க வேண்டும். நேரடிச் சேர்க்கையில் வந்தோரின் மூன்றாம், நான்காம் பருவத் தேர்ச்சியைத் தனியே கணக்கிட்டு வெளியிடவும் வேண்டும். இதைக் கூட்டி நடத்தும் கடமை தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தினுடையது. அரசு பாலிடெக்னிக்குகளும் செட்டிக்கரைப் பொறியியல் கல்லூரியும் நிர்வாகத்தில் அந்த ஒரே இயக்ககத்தின் கீழேதான் இருக்கின்றன.